கோகோ படமும் கல்லறைத் திருநாளும்: துக்கத்துக்கு வடசென்னை கண்ட வழி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு கார்ட்டூன் படத்தைப் பத்திப் பேசப் போறோம். வரலாறு பேசுற இடத்துல கார்ட்டூனுக்கு என்ன வேலைன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா இந்தப் படம் பேசுற விஷயமும், காசிமேடு கல்லறைத் தோட்டத்துல வருஷா வருஷம் நடக்கிற விஷயமும் ஒரே வேர்ல இருந்து வந்தவை. அந்த வேரைத் தேடிப் போனா, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஜனங்க சாவை எப்படித் தாங்கிக்கிட்டாங்கங்கிற ஒரு பெரிய கதை கிடைக்குது.

படம், பிக்ஸார் எடுத்த ‘கோகோ’. இந்தியாவில் 2017 நவம்பர் 24 அன்று வெளியானது. படத்தோட முடிவை நான் சொல்லித்தான் ஆகணும். பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து கேட்டாலும் சரி.

ஒரே நாள், ரெண்டு கடற்கரை

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மெட்ராஸ் செமட்ரீஸ் போர்டு பார்த்துக்கிற ரெண்டு பெரிய கல்லறைத் தோட்டங்கள்ல ஒண்ணு கீழ்ப்பாக்கத்துல இருக்கு, இன்னொண்ணு காசிமேட்டுல. அன்னைக்குக் காசிமேட்டுப் பக்கம் போனீங்கன்னா கூட்டம் நெரியும். முன்னாடியே வந்து புல்லைச் செதுக்கி, கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடிச்சு வச்சிருப்பாங்க. அன்னைக்குப் பூ வைப்பாங்க, மெழுகுவத்தி ஏத்துவாங்க, ஊதுவத்தி கொளுத்துவாங்க. குருவானவர் வந்து கல்லறைகளை மந்திரிப்பார். குழந்தைங்க கல்லறைக்கு நடுவுல ஓடி விளையாடிட்டு இருக்கும். அதை யாரும் பெருசா அதட்ட மாட்டாங்க.

ராயபுரத்தோட பேர்லயே இந்தக் கதை இருக்கு. பீட்டர் என்கிற புனிதருக்குப் பழைய தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர் ராயப்பர். ராயப்பர் இருக்கிற இடம் ராயபுரம். அங்கே இருக்கிற புனித ராயப்பர் கோவில் 1829-இல் எழுந்தது. அதைக் கட்டியவர்கள் படகுக்காரர்கள். அப்போ மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். சரக்கையும் ஆளையும் மசூலாப் படகுல ஏத்தி, அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டு வரணும். அந்த அலையில தினம் உயிரைப் பணயம் வச்சவங்க, தங்களை மாதிரியே மீன்பிடிச்ச ஒரு புனிதருக்குக் கோவில் எடுத்தாங்க.

சரி, இந்த நவம்பர் 2 எங்கிருந்து வந்தது? பிரான்ஸ் நாட்டில் க்ளூனி என்ற மடத்தின் தலைவராக இருந்த ஓடிலோ, 10-ஆம் நூற்றாண்டு முடியும் காலத்தில், இறந்த எல்லா ஆன்மாக்களுக்காகவும் வேண்டிக்கொள்ள இந்த நாளைத் தன் மடங்களில் நிலைநாட்டினார். அது ஐரோப்பா முழுக்கப் பரவியது. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் அதை மெக்சிகோவுக்குக் கொண்டு போனார்கள். அதே நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் மயிலாப்பூர்க் கரைக்கும் முத்துக்குளித்துறைக்கும் கொண்டு வந்தார்கள். அதாவது, ஒரே நாள் ரெண்டு கப்பல்ல ஏறி, ரெண்டு திசையில போய், ரெண்டு கடற்கரையில இறங்குச்சு.

ரெண்டு இடத்துலயும் வந்திறங்கின வழக்கம் ஏற்கெனவே இருந்த வழக்கத்தோட கலந்தது. மெக்சிகோவில் பழங்குடி மக்களுக்கு ஏற்கெனவே இறந்தவர்களுக்கான சடங்குகள் இருந்தன. இன்றைய ‘இறந்தோர் நாளில்’ எவ்வளவு பழசு, எவ்வளவு ஸ்பானியம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. யுனெஸ்கோ 2008-இல் அந்த விழாவை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம்ம பக்கம் ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசைன்னு இறந்தவங்களுக்குப் படைக்கிற நாள் ஏற்கெனவே இருந்தது. அதே ராயபுரத்துல, ஷபே பராஅத் ராத்திரி முஸ்லிம் குடும்பங்க கபர்ஸ்தானுக்குப் போய் துஆ செய்வாங்க. மதம் வேற, தேதி வேற. வருஷத்துல ஒரு நாளாவது போய்ப் பார்க்கணும்ங்கிறது மட்டும் ஒண்ணு.

பூவிலும் ஒரு விஷயம் இருக்கு. ‘கோகோ’ படம் முழுக்க ஆரஞ்சு நிறப் பூ கொட்டிக்கிடக்கும். அந்தப் பூவாலதான் இறந்தவங்க உலகத்துக்கும் நம்ம உலகத்துக்கும் நடுவுல பாலம் போட்டிருப்பாங்க. பார்த்த உடனே நமக்குத் தெரியும், அது நம்ம செண்டுமல்லி. மாலையில கட்டுறோம், பாடையில கட்டுறோம், போற வழியெல்லாம் உதிர்த்துக்கிட்டே போறோம். ஆனா அந்தச் செடியோட சொந்த ஊரே மெக்சிகோதான். ஐரோப்பியர் கப்பல் வழியா இங்க வந்தது. நம்ம ஊர்ச் சாவு ஊர்வலத்துல உதிர்ற பூ, மெக்சிகோக்காரங்க தங்கள் இறந்தவங்களுக்கு வழிகாட்ட உதிர்க்கிற அதே பூ.

விட்டுவிடச் சொல்லாத படம்

இப்போ படத்துக்கு வருவோம். மிகேல் என்கிற பையன். செருப்புத் தைக்கிற குடும்பம். வீட்டில் பாட்டு என்ற பேச்சே எடுக்கக் கூடாது. ஏன்னா, பையனோட எள்ளுத் தாத்தா பாட்டுப் பாடப் போறேன்னு வீட்டை விட்டுப் போனவர், திரும்பி வரவே இல்ல. பொண்டாட்டியையும் சின்னப் பொண்ணையும் அப்படியே விட்டுட்டுப் போனவர்ங்கிற கோபம் நாலு தலைமுறையா ஓடுது. குடும்பப் போட்டோவுல அவர் தலை இருந்த பகுதியைக் கிழிச்சே எடுத்திருப்பாங்க. அந்தச் சின்னப் பொண்ணுதான் இப்போ மறதி வந்து, சக்கர நாற்காலியில உட்கார்ந்திருக்கிற பாட்டி கோகோ.

மிகேல் இறந்தவர்கள் உலகத்துக்குப் போய்விடுகிறான். அங்கே ஹெக்டர் என்று ஒருவர். அவர் போட்டோவை யாரும் வைக்காததால், வருஷத்துக்கு ஒரு நாள்கூட அவரால் வீட்டுக்கு வர முடியவில்லை. உயிரோடு இருப்பவர்களில் அவரை நினைக்க ஆளே இல்லாமல் போனால், அங்கேயும் அவர் இல்லாமல் போய்விடுவார். அது இன்னொரு சாவு. கடைசியில தெரியுது, அந்த ஹெக்டர்தான் வீட்டை விட்டுப் போன தாத்தா. அவர் குடும்பத்தைக் கைவிடல. வீட்டுக்குத் திரும்பணும்னு பெட்டியைக் கட்டுன ராத்திரியே கூட இருந்தவன் விஷம் வச்சுக் கொன்னுட்டான்.

இந்தப் படம் உருவான விதத்துல ஒரு திருப்பம் இருக்கு. இயக்குநர் லீ அன்க்ரிச் முதலில் யோசித்த கதை வேறு. அம்மாவை இழந்த ஒரு அமெரிக்கப் பையன், அந்தத் துக்கத்தை ‘விட்டுவிட’க் கற்றுக்கொள்கிற கதை. கொஞ்ச காலம் அதில் வேலையும் செய்தார்கள். அப்புறம்தான் உறைத்தது: இறந்தோர் நாள் விழாவே விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். அந்தக் கதையை ஓரம் கட்டிவிட்டு முதலிலிருந்து எழுதினார்கள்.

மெக்சிகோக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2013-இல் டிஸ்னி நிறுவனம் அந்த விழாவின் ஸ்பானியப் பெயரையே வணிக முத்திரையாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. ‘எங்க செத்தவங்க நாளை நீ எப்படிச் சொந்தம் கொண்டாடுவே?’ங்கிற மாதிரி எதிர்ப்பு கிளம்பி, விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிட்டாங்க. அப்போ டிஸ்னியைக் கிண்டல் செய்து கேலிச்சித்திரம் போட்ட லாலோ அல்காராஸ் என்ற ஓவியரையே பிறகு படத்துக்கு ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டார்கள். படம் மெக்சிகோவில் வசூல் சாதனை படைத்தது. 2018-இல் சிறந்த அனிமேஷன் படம், சிறந்த பாடல் என ரெண்டு ஆஸ்கரும் வாங்கியது.

‘விட்டுவிடு’ என்பது சினிமாக்காரர்கள் யோசனை மட்டும் இல்லை. சிக்மண்ட் ஃபிராய்ட் 1917-இல் துக்கம் பற்றி எழுதிய கட்டுரையில் இருந்து, இறந்தவரிடமிருந்து மனசைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுப்பதுதான் துக்கத்தின் வேலை என்ற எண்ணம் மேற்கே பலமாக இருந்தது. 1996-இல்தான் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் சேர்ந்து ‘தொடரும் பந்தங்கள்’ என்ற கருத்தை வைத்து ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். இறந்தவரோடு உறவு முடிவதில்லை, வடிவம் மாறுகிறது, அது நோய் இல்லை என்றார்கள். நம்ம ஊர்ல அமாவாசைக்கு இலை போட்டுட்டு, ‘அப்பாவுக்கு வத்தக்குழம்பு புடிக்கும்’னு ஒரு கரண்டி சேர்த்து ஊத்துற அம்மாவுக்கு இதைச் சொன்னா, ‘இதுக்கு ஒரு புஸ்தகமா?’ன்னுதான் கேட்பாங்க.

படத்திறப்பும் மரண கானாவும்

மெக்சிகோ வீடுகளில் ஓஃப்ரெண்டா என்று ஒரு படையல் மேடை வைப்பார்கள். போட்டோ, பூ, மெழுகுவத்தி, இறந்தவருக்குப் பிடித்த சாப்பாடு எல்லாம் அதில் இருக்கும். வடசென்னையில் அதற்கு இணையாக ஒன்று உண்டு. காரியத்தை ஒட்டி நடக்கிற படத்திறப்பு. போட்டோவைப் பெருசு பண்ணி, சட்டம் போட்டு, மாலை போட்டு, திரையை விலக்கித் திறந்து வைப்பாங்க. தெரு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி பேனர் இருக்கும். கட்சிக்காரர் வருவார், சங்கத்துக்காரர் வருவார், கூட வேலை பார்த்தவங்க வருவாங்க. ஒவ்வொருத்தரும் இறந்தவரைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுவாங்க.

அப்புறம் பாட்டு. சாவு வீட்டில் பெண்கள் பாடுவது ஒப்பாரி. ராத்திரி முழுக்கப் பிணத்தோடு விழித்திருந்து பெரும்பாலும் ஆண்கள் பாடுவது மரண கானா. சட்டி, டேப்பு, டோலக், புல்புல்தாரா. எதுவும் இல்லைன்னா தீப்பெட்டியைத் தட்டியாவது தாளம் போடுவாங்க. துறைமுகத்துக்கும் பின்னி மில்லுக்கும் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்கு வந்து குடியேறிய உழைப்பாளிகள், அதிலும் பெரும்பாலும் தலித் மக்கள், வளர்த்தெடுத்த கலை இது. கானாவில் கேலி உண்டு, காதல் உண்டு, சித்தர் பாட்டின் சாயல் உண்டு. ஆனால் அதன் அடிநாதம் சாவு வீடு.

மரண கானா பாட வருகிறவர் முதலில் என்ன செய்வார் தெரியுமா? வீட்டாளுங்களைக் கூப்பிட்டு விவரம் கேட்பார். பேர் என்ன, அப்பா அம்மா பேர் என்ன, எங்க வேலை பார்த்தார், பசங்க எத்தனை பேர், கூட்டாளிங்க யாரு, எதைச் சொன்னா சிரிப்பார், எதுக்குக் கோபப்படுவார். அதையெல்லாம் அங்கேயே பாட்டுல கோத்துப் பாடுவார். மூட்டை தூக்கி வாழ்ந்த ஒரு மனுஷனுக்கு யார் வாழ்க்கை வரலாறு எழுதுவா? ஒரே ஒரு ராத்திரி, அவன் தெருவே கேட்கிற மாதிரி அவன் வரலாறு பாடப்படுது. சங்க இலக்கியத்தில் மன்னனை இழந்த புலவர்கள் பாடியதற்குக் கையறுநிலை என்று துறை வகுத்தார்கள். போரில் செத்த வீரனுக்குப் பேர் வெட்டி நடுகல் நட்டார்கள். கூலித் தொழிலாளிக்குக் கிடைத்த கையறுநிலையும் நடுகல்லும் இந்தப் பாட்டுதான்.

‘கோகோ’ படத்தில் இதற்கு ஈடான காட்சி ஒன்று இருக்கிறது. இறந்தவர்கள் உலகத்தின் சேரி மாதிரி ஒரு இடம். நினைக்க ஆளில்லாதவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஒருத்தர் தூளியில் கிடக்கிறார், மறைந்துபோகப் போகிற நேரம். ஹெக்டரைப் பாடச் சொல்கிறார். ஹெக்டர் பாடுவது அழுகைப் பாட்டு இல்லை. ஒரு பெண்ணைப் பற்றிய குறும்புப் பாட்டு. பையன் பக்கத்தில் இருப்பதால் ஒரு வார்த்தையை மட்டும் மாத்திப் பாடுவார். கிடக்கிறவர் அதைக் கண்டுபிடிச்சுச் சிரிச்சுக்கிட்டே மறைஞ்சு போவார். சாவு வீட்டு ராத்திரியில கானா கேட்டவங்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதே இல்ல. ஒரு வரியில அழ வச்சு, அடுத்த வரியில செத்தவனையே கிண்டல் பண்ணி, அழுதுட்டிருந்த பொண்டாட்டியையும் சிரிக்க வைக்கிறது அங்க ரொம்ப நாளா நடக்கிற விஷயம்.

ஆனா இந்தப் பாட்டுக்கு ரொம்ப நாளா மரியாதை கிடைக்கல. கூச்சல்னாங்க, ரவுடிங்க பாட்டுன்னாங்க. கானா பாலா மாதிரி சாவு வீடுகளில் பாடி வந்தவர்கள் ‘அட்டகத்தி’ (2012) காலத்தில் சினிமாவுக்கு வந்த பிறகுதான் வெளியே காது கொடுத்தார்கள். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு மேடையேறியது. அதில் பாடிய ராயபுரத்துப் பெண் இசைவாணி, 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஆண்கள் குரலாகவே இருந்த கானாவில் ஒரு பெண் குரல் அவ்வளவு தூரம் போனது சின்ன விஷயம் இல்லை.

பாட்டு நின்றுபோன வருஷம்

2020-ஐ நாம மறக்க முடியாது. அந்த மே மாதத்தில் சென்னையிலேயே கொரோனா அதிகம் பதிவானது ராயபுரம் மண்டலத்தில். சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்பது ஊரடங்கு விதி. கொரோனாவில் போனவர்களின் உடலோ, பையில் சுற்றி நேராகச் சுடுகாட்டுக்குப் போனது. மரண கானா இல்லை, சங்கு இல்லை, பறை இல்லை, படத்திறப்பு இல்லை. சாவைத் தெருவே சேர்ந்து தாங்குற ஊர்ல, ஒவ்வொரு குடும்பமும் கதவைச் சாத்திக்கிட்டுத் தனித்தனியா அழுதது.

எங்க வீட்டுலயும் அப்படித்தான். பெரியப்பா தண்டையார்பேட்டைக்காரர், துறைமுகத்துல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2020 ஜூன்ல போயிட்டார். நாங்க முகத்தைக்கூடச் சரியாப் பார்க்கல. நாலஞ்சு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை, அக்கா பொண்ணு, அப்போ அவளுக்கு எட்டு வயசு, ஹாட்ஸ்டார்ல ‘கோகோ’ போட்டா. நாங்க வேற வேலையைப் பார்த்துக்கிட்டே அரைகுறையாப் பார்த்தோம். பாதிக்கு மேல யாரும் எழுந்திருக்கல. முடிஞ்சதும் அவ கேட்டா: “பெரிய தாத்தாவுக்கு ஏன் நம்ம போட்டோ மாட்டல?” பதில் சொல்ல யாராலும் முடியல. பெரியம்மா மட்டும் எழுந்து போய் பீரோவைத் திறந்தாங்க.

மாட்டுறதுக்கு ஒழுங்கான போட்டோவே இல்லைங்கிறது அப்பத்தான் தெரிஞ்சது. கல்யாண ஆல்பங்கள்ல எல்லாம் ஓரமா, பாதி முகமாத்தான் நிக்கிறார். கடைசியில பழைய துறைமுக பாஸுல இருந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைத்தான் பெருசு பண்ணினோம். படத்திறப்பு வீட்டுக்குள்ளேயே நடந்தது. பக்கத்துத் தெருவுல கானா பாடுற அண்ணன் ஒருத்தர் போன்லயே விவரம் கேட்டு, அஞ்சு நிமிஷப் பாட்டு ஒண்ணை வாட்ஸப்புல அனுப்பினார். அதைக் கேட்டுத்தான் பெரியம்மா முதல்முறையா வாய்விட்டு அழுதாங்க. அழுதுட்டு, “சம்பளத்தை முழுசாக் கொண்டாந்து குடுத்தாராம், இவன் பார்த்தானாமா?”ன்னு சிரிச்சாங்க. அந்தப் படம் எங்களுக்குப் புதுசா எதையும் கத்துக் குடுக்கல. நாங்க செய்யாம விட்ட ஒரு வேலையை ஞாபகப்படுத்துச்சு.

கரைக்கு வராதவர்கள்

இதுவரை பேசினது உடல் கிடைச்ச சாவுகள். கடற்கரை ஊர்ல இன்னொரு வகை உண்டு. படகு போகும், திரும்பி வராது.

‘கோகோ’ இந்தியாவில் வெளியான ஆறாவது நாள், 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் அடித்தது. எச்சரிக்கை வந்தபோது பல படகுகள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட மீனவர்கள் உடல்கூடக் கிடைக்காமல் போனார்கள். காசிமேட்டுக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையிலும் ஏறியது. அது இல்லாத வருஷங்களிலும் விசைப்படகுல தங்கல் தொழிலுக்குப் போறவங்க வீட்டுல, சொன்ன நாள் தாண்டினா சோறு இறங்காது.

உடல் வராத வீட்டில் துக்கம் தொடங்கவே முடியாது. பொட்டை எடுக்கிறதா, வேணாமா? காரியம் செஞ்சா நாமளே அவரைச் சாகடிச்ச மாதிரி ஆயிடுமோ? சட்டமும் காத்திருக்கச் சொல்கிறது. 1872-ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுப்படி, ஒருவரைப் பற்றி ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் இறந்ததாக எடுத்துக்கொள்ள முடியும். இப்போது வந்திருக்கும் புதிய சட்டத்திலும் அந்த ஏழு வருஷக் கணக்கு தொடர்கிறது. ஒக்கி சமயத்தில் அரசுகள் அந்தக் காத்திருப்பைத் தாண்டி நிவாரணம் கொடுக்கத் தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில், வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களோடு பேசி, இதற்குத் ‘தெளிவில்லாத இழப்பு’ என்று பெயர் வைத்தார். ஆள் இல்லை, ஆனால் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. மறதி நோய் வந்தவர்களையும் அவர் இதே வகையில் சேர்த்தார். ஆள் எதிரில் இருக்கிறார், ஆனால் அவர் மனசு இங்கே இல்லை.

இப்போ படத்தைத் திரும்ப யோசிச்சுப் பாருங்க. அதில் இந்த ரெண்டும் இருக்கு. திரும்பி வராத அப்பா ஒரு பக்கம், நினைவு போன மகள் இன்னொரு பக்கம். பாட்டி இமெல்டாவோட கோபம் எங்கிருந்து வருது? அவர் செத்தது அவளுக்குத் தெரியாது. ஓடிப்போனார்னு நினைச்சா. தெரியாத இடத்துல மனசு எதையாவது ஊத்தி நிரப்பிக்கும். சில வீட்டுல அது நம்பிக்கை, சில வீட்டுல கோபம். ‘பாட்டுதான் அவனைக் கொண்டு போச்சு’ன்னு இமெல்டா பாட்டைத் தடை பண்ணின மாதிரி, அப்பனைக் கடல் கொண்டு போன வீட்டுல ‘நீ கடலுக்கே போகக் கூடாது’ன்னு மகனைத் தடுக்கிற அம்மாக்கள் உண்டு. அந்தத் தடையும் துக்கத்தோட ஒரு வடிவம்தான். அதைப் பிடிவாதம்னு மட்டும் பார்த்தா நாம தப்பாப் புரிஞ்சுக்கிறோம்.

படம் அந்தக் குடும்பத்துக்குக் குடுக்கிற ஆறுதல், ஆள் திரும்பி வர்றது இல்ல. என்ன நடந்ததுங்கிற உண்மையும், அவர் வரத்தான் நினைச்சார்ங்கிற செய்தியும்தான். அதனாலதான் காணாமல்போன மீனவர்களின் குடும்பங்கள் தேடச் சொல்லிப் போராடும்போது, ‘பணம்தான் குடுத்தாச்சே’ங்கிற பேச்சு அவங்களை அவ்வளவு காயப்படுத்துது. அவங்களுக்கு வேண்டியது ஒரு கணக்கு: கடைசியா எங்க பார்த்தாங்க, யார் பார்த்தாங்க, படகுல என்ன ஆச்சு. கூடப் போய்த் தப்பி வந்த ஒருத்தர் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து அதைச் சொன்னா, அதுவே பாதிக் காரியம்.

படம் சொல்லாத ஒன்று

இந்தப் படத்தை அப்படியே தூக்கி வச்சுக் கொண்டாட எனக்கு ஒரு தயக்கமும் இருக்கு. நீ மறந்தா அவர் ரெண்டாவது தடவை சாவார்னு படம் சொல்லுது. கேட்க அழகா இருக்கு. ஆனா துக்கத்துல இருக்கிறவங்க தலையில இது பெரிய சுமை. அம்மா குரல் எப்படி இருந்ததுன்னு கொஞ்சம் மங்கலானாக்கூட, ‘நான் அம்மாவைக் கொல்றேனோ’ன்னு குற்ற உணர்ச்சி வரும்.

நம்ம மரபு இதற்கு ஒரு எல்லை வைத்திருக்கிறது. திதி கொடுக்கும்போது பெயர் சொல்வது மூன்று தலைமுறைக்குத்தான். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. அதற்கு மேலே இருப்பவர்கள் பொதுவான முன்னோர் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் பங்கு உண்டு, ஆனால் தனித்தனியாகப் பெயர் நினைவில் வைக்க வேண்டியதில்லை. கல்லறைத் திருநாளின் கருத்தும் அதுதான். யாருடைய கல்லறைக்கு ஆள் வரவில்லையோ, அவர்களுக்கும் சேர்த்துத்தான் அன்றைய வேண்டுதல். காசிமேட்டுல தன் வீட்டுக் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏத்தினவங்க, பக்கத்துல யாரும் வராத கல்லறைக்கும் ஒண்ணு ஏத்திட்டுப் போறதை நீங்க பார்க்கலாம். மறந்துபோனவங்களை ஊர் ஏத்துக்குதுன்னு அர்த்தம்.

துக்கம் ஒரு ஊருக்கே உபயோகமானதும் இங்கதான் இருக்கு. ராயபுரத்தில் இருக்கிற பார்சி அக்கினிக் கோவில் தமிழ்நாட்டிலேயே ஒன்றுதான் உண்டு. இளம் வயதில் மகன் ஜால் இறந்த பிறகு, அவன் நினைவாக ஃபிரோஜ் கிளப்வாலா என்ற தந்தை கட்டிக் கொடுத்து, 1910-இல் திறக்கப்பட்டது அது. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அங்கே இன்னைக்கும் நெருப்பு அணையாம இருக்கு, அந்தப் பையன் பேரும் இருக்கு. எல்லாராலயும் கோவில் கட்ட முடியாது. ஒரு போட்டோவுக்குச் சட்டம் போட முடியும்.

ஆகவே இந்த எபிசோடுல இருந்து ஒரே ஒரு வேலையை எடுத்துக்கோங்க. உங்க வீட்டுல வயசானவங்க யாராவது இருந்தா, போன்ல ரெக்கார்டரைப் போட்டுட்டு, மரண கானா பாடுறவர் கேட்கிற அதே கேள்விகளை அவங்க உயிரோட இருக்கும்போதே கேளுங்க. அப்பா அம்மா பேர் என்ன, முதல் வேலை எது, முதல் சம்பளம் எவ்வளவு, கூட்டாளிங்க யாரு, காணாமப்போன சித்தப்பாவைக் கடைசியா யார் பார்த்தா? கேட்கும்போது வீட்டுப் பிள்ளைங்களையும் பக்கத்துல உட்கார வச்சுக்கோங்க. சாவுப் பேச்சுன்னு அவங்களை வெளிய அனுப்பாதீங்க. அப்படியே முகம் முழுசாத் தெரியுற மாதிரி ஒரு நல்ல போட்டோவும் எடுத்து வைங்க.

உங்க தெருவுல இறந்தவங்களை எப்படி நினைக்கிறாங்க, எந்த நாள்ல, என்ன படைச்சு, என்ன பாடி? எங்களுக்குக் குரல்பதிவா அனுப்புங்க. வர்ற எபிசோடுகள்ல அதையும் சேர்த்துப் பேசுவோம்.